பச்சையம்மாவுக்குக் கொண்டுபோன சேலை

மார்கழி 9, வெள்ளி

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மதராஸ் சனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு இங்கே ஓடிவந்தார்களே, அதற்கு அடுத்த வருஷம். வங்காளத்தில் சோறில்லாமல் சனம் தெருவில் விழுந்து செத்ததும் இந்த வருஷம்தான். அதன் மார்கழி.

கடுங்குளிர். காற்று வடக்கிலிருந்து. கூரையில் இரண்டு ஓடு நகர்ந்துவிட்டது. குழாயடியில் ஆளே இல்லை.

எழுதுவது மருமகள் சரோஜா. எனக்குக் கையெழுத்து என்றால் கட்டைவிரல். மதியம் சாப்பிட்டபின் நான் சொல்ல, ஒரு பக்கம் எழுதுவாள். நான் பேசுகிற மாதிரியே எழுதச் சொன்னால் மாட்டாள். “கை வராது மாமா. ஸ்கூல்ல சொல்லிக்குடுத்த மாதிரிதான் வரும்.” செகந்திராபாத்தில் பிறந்தவள், மிஷன் பள்ளியில் ஐந்து வகுப்பு. காகிதம் கிடைக்காத காலம், சுருக்கிச் சொல்ல வேண்டும். என் மகன் கோவிந்தன் இனி கோ. இந்த நோட்டு இருப்பது அவனுக்குத் தெரியாது. அரிசிப் பானைக்குள் வைக்கிறோம். பானையில் இடம் நிறைய.

பத்து மணிக்குத் தபால்காரன். கார்டு ஒன்று, தெலுங்கு எழுத்து. வீட்டில் அதைப் படிக்கிறவள் பேத்தி சக்கு மட்டும். வயது ஒன்பது. லாலாகுடா ரயில்வே லைன் வீட்டில் பிறந்து தெலுங்குப் பள்ளிக்கூடம் போகிறவள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில். எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“பச்சையம்மாகி ஒண்ட்லோ பாகா லேதட. வெண்டனே ரமன்னாரு, தாதா.”

உடம்பு சரியில்லை, உடனே வரவும். அவ்வளவுதான் கார்டில்.

சரோஜா அடுப்பை அணைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். எங்கள் சனங்கள் சாவைக் கார்டில் எழுதமாட்டார்கள். உடம்பு சரியில்லை, உடனே புறப்படவும் என்றுதான் வரும். கார்டைப் படிக்கிறவர்கள் புரிந்துகொண்டு தலை முழுகிவிட்டுக் கிளம்புவார்கள். அப்பாவுக்கு அப்படித்தான் வந்தது.

பச்சையம்மா என் தங்கை. கூடப் பிறந்தவர்களில் மிச்சம் இருந்தவள். பார்த்து முப்பது வருஷம்.

பிளேக் வருஷத்தில் அவள் புருஷன் செத்தான். பாய்லர் ஷெட்டில் வேலை செய்தவன், நல்ல பையன். பிறந்த வீட்டுக் கோடித்துணி நான்தான் கொண்டுபோய்ப் போட்டேன். வெள்ளை. அவளுக்கு அப்போது இருபத்து மூன்று. இரண்டு வருஷம் அதைக் கட்டிக்கொண்டிருந்தாள். பிறகு ரோடு மேஸ்திரி நர்சய்யாவோடு போய்விட்டாள். தெலுங்கன், வேறு சாதி. மூட்டையோடு அவள் வாசலில் நிற்கும்போது நான் சொன்னேன்: இனி பிறந்த வீட்டுத் துணி உன் மேல் படாது. லைன் முழுக்கக் கேட்டது. யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை.

அதன்பின் பொங்கல் முப்பது வந்தது. சேலை போகவில்லை. சொன்னதை அவள் காதுபடத் திருப்பி எடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் நினைப்பேன். இப்போது எங்கே போய் எடுப்பது.

ஆனாலும் கோடி போக வேண்டும். பெண் செத்தால் பிறந்த வீட்டுத் துணி போட்டுத்தான் எடுப்பார்கள். என் அம்மா வெள்ளத்து வருஷம் போனாள். மூசி நதி கடைத்தெருவை அடித்துக்கொண்டு போன வாரம். பட்டணம் முழுக்கச் சேறு, ஒரு முழத் துணி இல்லை. பழைய சேலையோடு எடுத்தோம். இப்போது துணிக் கட்டுப்பாடு. கடைக்காரர் கையை விரித்தார்.

சரோஜா பொங்கலுக்கு என்று வைத்திருந்த சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தாள். அரக்கு நிறம், மஞ்சள் கரை.

“உனக்கு?”

“நக்கோ மாமா, வேண்டாம். எனக்கு இருக்கிறது போதும்.”

“இதையும் எழுதணுமா?” என்று கேட்கிறாள். எழுது.

எடுத்து வைத்தது:
சேலை ஒன்று. மஞ்சள் தடவவில்லை. நல்லதுக்குக் கொடுக்கும் புதுத்துணிக்கு நாலு முனையிலும் மஞ்சள் வைப்போம். இது அதற்கில்லை.
வாய்க்கரிசி. பிணத்தின் வாயில் போட, பானை அடியில் இருந்த கடைசி ஒரு பிடி. துணியில் முடிந்தது.
சூடம். சந்தனம்.
கம்பளி இரண்டு.
சக்குவுக்குக் கோ.வின் பழைய கோட்டு.
ஜோள ரொட்டி பன்னிரண்டு.

அவள் ஊர் பட்டான்செருவுக்கு அப்பால் ஆறு மைல். ரயில் கிடையாது. இருக்கிற ரயிலிலும் பட்டாளத்துக்காரர்கள். பாலத்தடியில் இருக்கும் காசிம் பாய், காண்டிராக்டர் ஒருவரிடம் லாரி ஓட்டுகிறவர். விறகு ஏற்ற நாளைக் காலை அந்தப் பக்கம் போகிறாராம். நாளைக்குக் கிறிஸ்துமஸ், ஒர்க்‌ஷாப் லீவு. கோ. திங்கள் ஒரு நாள் மட்டம் போடுகிறான்.

பக்கத்து லைனில் கிறிஸ்தவர்கள் பாட்டுப் பழகுகிறார்கள். காற்றில் பாதிதான் வருகிறது.

மார்கழி 10, சனி

எழுதுவது பச்சையம்மா வீட்டில், வெளிச்சம் போவதற்குள்.

விடியும்போது புறப்பாடு. பெட்ரோல் இல்லாத லாரி. பின்னால் ஆளுயரப் பீப்பாய், அதில் கரி எரிந்து வரும் வாயுவில் வண்டி ஓடுகிறது. அரை மணி நேரம் கைச்சக்கரம் சுற்றினால்தான் உயிர் வரும். கோ. சுற்றினான். சம்மட்டி பிடித்த என் கைக்கு இப்போது அதற்கெல்லாம் வலு இல்லை.

மேலே கூரை கிடையாது. காற்று முகத்தை அறுத்தது. சக்குவின் உதடு வெடித்து ரத்தம். சரோஜா அந்த மூட்டையை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

காசிம் பாய்: “என்ன தாத்தா, சர்தியா, குளிருதா? பீப்பாய் பக்கம் வந்து உக்காருங்க. அதுக்கு இருக்கிற ஜுரம் உங்களுக்கும் கொஞ்சம் வரட்டும்.”

மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். கூக்கட்பள்ளி போவதற்குள் மூன்று மேடு. காசிம் பாய் ஒவ்வொரு தடவையும், “நான் உங்களை ஏத்திட்டுப் போறேனா, நீங்க என்னைத் தள்ளிட்டுப் போறீங்களா?” கோ. கூடச் சிரித்துவிட்டான். சாவுக்குப் போகிறோம் என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டான்.

சக்கு மைலுக்கு ஒரு தரம்: “இன்கா எந்த தூரம் தாதா?”

“இன்னும் கொஞ்சம்.”

“இந்தாக்கா கூடா அதே செப்பாவு.”

முன்னேயும் அதைத்தான் சொன்னாயாம். உண்மைதான்.

அந்த ரோட்டுக்கு ஜல்லி போட்டது நர்சய்யாவின் ஆட்கள். பாறைகளுக்கு நடுவே அவர்கள் குடிசை போட்டிருந்த இடம் வந்தது. நான் பார்க்கவில்லை.

பட்டான்செருவுக்கு முன்னால் சாவடியில் லாரியை நிறுத்தினார்கள். யாரும் தானியம் கடத்தக் கூடாது என்று சோதனை. ஏறியிருக்கிறவர்கள் பேரை ஒருவன் எழுதிக்கொண்டே வந்தான். நானும் கோ.வும் பீப்பாய்ப் பக்கம் இருந்தோம். சரோஜாவிடம், அந்தக் கிழவர் பேர் என்ன என்று கேட்டான். மாமனார் பேரை அவள் எப்படிச் சொல்வாள்? வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நின்றாள். திருட்டு ஆசாமி என்று நினைத்திருப்பான். சக்குதான் சொன்னாள்.

மூட்டையை அவிழ்க்கச் சொன்னான். அரிசி முடிச்சு.

“யே க்யா ஹை?”

காசிம் பாய் இறங்கி வந்தார். “மையத்கா சாவல் ஹை சாப். இவங்க மதராசி சனம். செத்தவங்க வாயில போடுவாங்க.”

அந்த ஆள் முடிச்சைக் கீழே போட்டுவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்தான். “ஜாவ், ஜாவ்.”

சக்கு என் முகத்தைப் பார்த்தாள். “எவரு சச்சிபோயாரு தாதா?” யார் செத்தது என்று கேட்கிறாள். அதுவரை அவளிடம் யாரும் சொல்லவில்லை. கார்டைப் படித்தவள் அவள்.

லாரி எங்களை ஒரு புளியமரத்தடியில் இறக்கிவிட்டது. திங்கள் காலை அதே இடம் என்று பேச்சு. அங்கிருந்து ஒரு மைல் நடை. சோளக்காட்டுக்கு நடுவே வண்டித்தடம், எதிர்க்காற்று. அழுகைச் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டே நடந்தேன். இல்லை. எடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

வீட்டு வாசல் வெயிலில் ஒருத்தி உட்கார்ந்து முறத்தில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். எலும்பும் தோலும். நாங்கள் நாலு பேரும் நின்றுவிட்டோம். அவள் கையைப் புருவத்துக்கு மேல் வைத்துப் பார்த்தாள்.

“இன்னாண்ணா, சாவுக்கு வந்தவன் மாதிரி நிக்கிற?”

முப்பது வருஷத்தில் அவளுக்குத் தமிழ் பேச ஆள் இல்லை. அதனால் அது அப்படியே இருக்கிறது. எங்கள் அம்மா பேசின பேச்சு.

நர்சய்யா உள்ளேயிருந்து வந்தான். பல் இல்லை, காதும் கேட்காது. “ரண்டி பாவா, ரண்டி,” வாருங்கள் மச்சான் என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அவள் ஒரு வாரமாக இருமி ரத்தம் கக்கினாளாம். அண்ணனை வரச்சொல் என்றாளாம். பள்ளிக்கூட வாத்தியாரிடம் போய், உடம்பு சரியில்லை, உடனே வரவும் என்று எழுத வைத்தானாம். எங்கள் வழக்கம் அவனுக்குத் தெரியாது. இருந்ததை எழுதினான். இல்லாததை நாங்கள் படித்தோம்.

உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். பச்சையம்மா சரோஜாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இன்னாடி பொண்ணே, மூட்டைய மடியிலேயே வெச்சினு கீற. உள்ள இன்னா, பொக்கிஷமா?”

சரோஜா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கை நீட்டி வாங்கி அவிழ்த்துவிட்டாள். சேலை. அரிசி முடிச்சு. சூடம் எங்கோ மடிப்புக்குள்.

சேலையை மடியில் போட்டுத் தடவினாள். நாலு முனையும் தடவினாள். ரொம்ப நேரம்.

“பொறந்த ஊட்டுச் சேலை” என்றாள்.

மார்கழி 11, ஞாயிறு

காற்று நிற்கவில்லை. கதவுக்குக் கல் முட்டுக் கொடுத்தோம்.

கோ. என்னைக் கொல்லைப்புறம் இழுத்துப் போனான். “அப்பா, ஏன் இப்படிப் பண்ணீங்க? உயிரோட இருக்கிறவங்களுக்குக் கோடி! சொல்லி வாங்கிடுங்க.”

“எப்படிடா சொல்றது?”

கோ. பீடி பற்றவைக்கப் பார்த்தான், நாலு குச்சி காற்றில் போனது.

பச்சையம்மா வெந்நீரில் குளித்தாள். இந்தக் குளிரில் கூடாது என்று நர்சய்யா கத்தினான். அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். சேலை முழுசும் அவள்மேல் இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றியது. கோலை ஊன்றிக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, “மா அன்னய்ய தெச்சாடு.” எங்கள் அண்ணன் கொண்டு வந்தார். பெண்கள் வந்து கரையைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி, இந்தக் காலத்தில் இப்படி ஒரு துணியா, ராஜா வீட்டு அண்ணன் என்றாளாம். சக்கு கூடவே போய்விட்டு வந்து சொன்னாள். சரோஜா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்து இருமினாள். துணியில் ரத்தம். மடித்து மறைத்தாள். நான் பார்த்தேன், பார்க்கவில்லை.

மதியம் எனக்கு மட்டும் தனியாக ஒரு வட்டிலில் அரிசிக் கஞ்சி. மற்றவர்களுக்கு ஜோளம்.

“ஏது அரிசி?”

“நீ கொண்டாந்ததுதான். முடிச்சுல இருந்திச்சே. இங்க அரிசியக் கண்ணால பார்த்து மாசம் ஆறாச்சு. அண்ணன் வந்திருக்கச்சொல்ல ஜோளமா போடறது?”

சரோஜா கையிலிருந்த செம்பு கீழே விழுந்தது. நான் குடித்தேன். முழுதும் குடித்தேன். அவள் எதிரே உட்கார்ந்து, போதுமா, உப்பு போதுமா என்று கேட்டாள். உப்பு போதும் என்றேன்.

நர்சய்யாவோடு வாசலில் இருந்தேன். நான் இந்த மனிதனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. காது கேட்காதவனிடம் பேசுவது சுலபம். தப்பு என்னுடையது என்றேன். “ஹவ் பாவா, ஹவ், சலி எக்குவ” என்றான். குளிர் அதிகம் என்று சொன்னதாக நினைத்தான்.

மார்கழி 12, திங்கள்

எழுதுவது லாரியில், நின்ற இடத்தில். காசிம் பாயும் கோ.வும் கீழே இறங்கிப் பீப்பாயில் அடைத்த சாம்பலைக் குத்துகிறார்கள். எழுத்து கோணல், வண்டி கோணல்.

காலையில் புளியமரம் வரை பச்சையம்மாவும் வந்தாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தோம். அரக்குச் சேலை, மேலே என் கம்பளி. வழியில் நாலு தடவை உட்கார்ந்தாள். மற்றவர்கள் முன்னால் போனார்கள். நானும் அவளும் பின்னால்.

“எங்கூட வந்துடு. ரயில்வே ஆஸ்பத்திரி இருக்குது” என்றேன்.

“இவரை யார் பார்ப்பாங்க? செவிட்டு மனுசன். அடுப்பு அணைஞ்சா கூடத் தெரியாது.”

“பொங்கலுக்கு வரேன். மஞ்சள் தடவி நல்ல சேலையா எடுத்துக்கினு வரேன்.”

நின்றுவிட்டாள். மூச்சு வாங்கினாள்.

“நீ எனக்குக் குடுத்தது ரெண்டு சேலை அண்ணா. ஒண்ணு பிளேக் வருஷம். ஒண்ணு இது. ரெண்டும் கோடி.”

காற்று. சோளத்தட்டை ஒன்றோடொன்று உரசும் சத்தம்.

“எப்போ தெரிஞ்சுது?”

“மூட்டைய அவுக்கச்சொல்லவே. மஞ்சள் இல்ல. அரிசி ஒரு பிடி. நானும் அந்த ஊட்டுல பொறந்தவதானே.”

“தெரிஞ்சுமா கட்டிக்கின?”

“செத்தப்புறம் போட்டா எனக்கு இன்னா தெரியப்போவுது? உயிரோட இருக்கச்சொல்ல கட்டிக்கினா தெருவுல நாலு பேர் பார்ப்பாங்க. எனக்கும் பொறந்த ஊடு கீதுன்னு.” பிறகு சிரித்தாள். “வாய்க்கரிசிய மட்டும் உனக்குப் போட்டுட்டேன். கோச்சுக்காத.”

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாசலில் வைத்து நான் சொன்ன வார்த்தையை அந்த இடத்தில் எடுத்திருக்க வேண்டும். இவள் கண்ணெதிரே நின்றாள், காது நன்றாகக் கேட்டது, பக்கத்தில் ஆள் இல்லை. முப்பது வருஷம் நான் வேண்டிக்கொண்டது அதைத்தானே. கம்பளியை அவள் தோளில் இழுத்துவிட்டேன். காசிம் பாய் ஹாரன் அடித்தார். “தாத்தா! வண்டி அணைஞ்சா திரும்ப அரை மணி சுத்தணும்!”

பொங்கலுக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

லாரி திரும்பும்வரை புளியமரத்தடியில் நின்றாள். வெகுதூரம் தெரிந்தது அந்தச் சிவப்பு.

வண்டி கிளம்புகிறது.

மார்கழி 13, செவ்வாய்

இருமல். காய்ச்சல். சுக்கு, மிளகு. கோ.வுக்கு மட்டத்துக்காக ஃபோர்மனிடம் திட்டு. கூரை ஓடு இன்னும் சரிசெய்யவில்லை. சக்கு என்னை “அன்னய்ய” என்று கூப்பிட்டு விளையாடுகிறாள். சரோஜா அதட்டினாள்.

மார்கழி 21, புதன்

குளிர் குறையவில்லை. கூரையை நேற்றுச் சரிசெய்தது.

கார்டு. அதே வாத்தியார் கையெழுத்து. சக்கு படித்தாள். அதே வரி. உடம்பு சரியில்லை, உடனே வரவும். “சேம் டு சேம் தாதா” என்றாள்.

சரோஜா எழுந்தாள். குளிக்கவா என்பது போல என்னைப் பார்த்தாள். உட்கார் என்றேன்.

கோ. சாயங்காலம் வந்தான். “போன தடவையும் இப்படித்தான் எழுதினாங்க. போய்ப் பார்த்தா சோளம் புடைச்சிட்டு இருந்தாங்க. லீவு கேட்டா ஃபோர்மன் என்னைப் புடைப்பான்.”

“நர்சய்யாவுக்கு நம்ம வழக்கம் தெரியாது” என்றேன். “இருக்கிறதைத்தான் எழுதுவான். இருமல் கூடியிருக்கும். பொங்கலுக்கு முந்தின நாள் லாரி போகுதாம். சேலையோட போயிடலாம்.”

சரோஜா மட்டும், “ஒரு எட்டு போய்ட்டு வந்துடலாமே மாமா. லிங்கம்பள்ளி வரைக்கும் ரயில், அப்புறம் வண்டி ஏதாவது...” என்றாள். வெறுங்கையோடு மறுபடியும் போகமாட்டேன் என்றேன். மஞ்சள் தடவின சேலை இல்லாமல் அவள் முகத்தில் எப்படி விழிப்பது.

போக வேண்டாம் என்றது நான். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை.

மார்கழி 24, சனி

இரண்டு நாள் வரிசையில் நின்று சரோஜா சேலை வாங்கிவிட்டாள். பச்சை நிறம், மில் துணி. கஞ்சி போட்டு மொடமொடவென்று இருக்கிறது. பரவாயில்லை. நானே மஞ்சள் உரசி நாலு முனையிலும் தடவினேன். ஒரு முனையில் அதிகமாகிவிட்டது.

அவளிடம் சொல்ல வேண்டியதைச் சரோஜாவிடம் சொல்லிப் பார்த்தேன். பச்சையம்மா, அன்னிக்கு வாசல்ல சொன்னது தப்பு. அவ்வளவுதான். ஐந்தே வார்த்தை. “இதையே சொல்லுங்க மாமா, போதும்” என்றாள்.

சட்டியில் வெல்லம் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறாள். அரிசியும் இரண்டு பிடி. பொங்க.

மார்கழி 26, திங்கள்

காற்று இல்லை. வெயில் நன்றாக அடித்தது.

மதியம் காசிம் பாய் வந்தார். கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றார். வேடிக்கைப் பேச்சு எதுவும் இல்லை.

நேற்று விறகுக்குப் போயிருக்கிறார். புளியமரத்தடியில் நர்சய்யா உட்கார்ந்திருந்தானாம்.

“போன திங்கக்கிழமை விடியக்காலம் போயிட்டாங்க தாத்தா. அன்னைக்கே கார்டு போட்டாராம். புதன் பொழுது சாயற வரைக்கும் வெச்சிருந்தாங்க. சர்தி நாளு, அதனால முடிஞ்சது. பொறந்த வீட்டுலேர்ந்து ஆள் வரும், ஆள் வரும்னு.”

“செத்துட்டாங்கன்னு எழுதலையே” என்றான் கோ. வீட்டில்தான் இருந்தான், விரல் நசுங்கி லீவு.

காசிம் பாய் தொப்பியை மறு கைக்கு மாற்றினார். “நானும் கேட்டேன். கிழவர் சொல்றார்: என் வீட்டுக்காரி சொல்லிட்டுப் போனா, அவங்க சனத்துல சாவை எழுதக் கூடாதாம். முன்னே எழுதின மாதிரியே எழுது, எங்க அண்ணன் புரிஞ்சிக்குவான்னு.”

சக்கு சரோஜாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

“துணி?” என்று கேட்டேன்.

“அந்த லால் சேலைதான், நீங்க கொண்டுபோனது. கழட்டவே இல்லையாம். அதோடவே எடுத்தாங்க.”

அவர் போய்விட்டார். பச்சைச் சேலை கொடியில் கிடக்கிறது. சரோஜா அதை மடிக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. கோ. இருந்தால் இருக்கட்டும், நோட்டை எடு என்றேன்.

ஒர்க்‌ஷாப் சுவர் எழும்பின வருஷம் அரக்கோணத்தில் ரயிலேறி இங்கே வந்து இறங்கினவர்கள் ஐந்து பேர். எழுது.

அப்பா. ஊருக்குப் போன இடத்தில் பேதி. கார்டு வந்து போனோம், எடுத்துவிட்டிருந்தார்கள்.

அம்மா. வெள்ளத்து வருஷம். பழைய சேலை.

எங்களில் பெரியவன் கன்னியப்பன். பட்டாளத்து ஜுரம் வந்த வருஷம். வேட்டி நான் போட்டேன்.

பச்சையம்மா. மார்கழி 19. சேலை போனது. ஆள் போகவில்லை.

மிச்சம் ஒருவன். அவன் பேரையும் எழுது என்றேன். பென்சில் நின்றுவிட்டது. மாமனார் பேர். சாவடிக்காரன் அதட்டியும் சொல்லாதவள். எழுது அம்மா என்றேன்.

ஆறுமுகம்.